பாட்டுக்குத் தைக்காதவள்

உலகம்மாள் இறந்துபோன செய்தி எனக்குக் குற்றாலத்தில் வந்தது. ஒரு பங்களாவில் தலையணைகளைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாரல் இன்னும் தொடங்கவில்லை, காற்று மட்டும் வந்திருந்தது. அந்தப் பங்களாத் தோட்டக்காரர் மேலகரத்துக்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "உங்க செவிடு போய்ட்டாளாம்லா, காலைல" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. அப்படி உடனே புரிந்ததுதான் என்னை உறுத்தியது. ஒரு மனுஷி இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, தைத்து, சண்டை போட்டு, செத்தும் போயிருக்கிறாள். அவள் சாவு அவள் பெயரில் என்னிடம் வந்து சேரவில்லை. அவளுக்கு இல்லவே இல்லாத ஒரு ஊனத்தின் பெயரில் வந்தது.

நடந்தே மேலகரத்துக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். உலகுவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். அவள் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாளாம். காது கேட்காத குறையைக்கூட யாரிடமும் சொல்லி அழுததில்லையாம். எனக்கு அங்கே உட்காரவே அருவருப்பாக இருந்தது. உலகுவுக்குப் பொறுமை என்பது துளியும் கிடையாது. சுள்ளென்று விழுவாள். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டது அபூர்வம். காதும் அவளுக்கு நன்றாகக் கேட்கும். "அவளுக்குக் காது கேக்கும்" என்று நான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அப்போது வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் மனைவி சண்முகத்தாய் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அங்கே சுவரோரம் உலகு பாதி தைத்துவிட்டுப் போன போர்வை மடித்துக் கிடந்தது. ஊசி அதில் குத்தியபடியே இருந்தது.

"செண்பகம், இது பாதில கெடக்கு. பதினாறாம் நாள் தானத்துக்கு ஒரு படுக்கை வேணும்லா. இந்த யுத்த காலத்துல புதுத் துணிக்கு எங்கன போக? நீ ஒக்காந்து அதுக்குள்ள முடிச்சுரு. உனக்கென்ன, ஓடுத கை."

முன்னறையில் அவளை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. என் பதிலை நான் பிறகுதான் சொன்னேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இப்போது ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன். அவளோடு தைத்தவர்களும், அவள் தைத்ததைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்களும், அவளைச் செவிடு என்று கூப்பிட்டவர்களும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துச் சொல்லுங்கள்.

நானும் அவளும் ஏறக்குறைய ஒரே வயது. தென்காசியில் ஒரு மெத்தைக் கடையின் கொட்டகையில் ஒன்றாகத் தைத்தோம். எங்கள் வீடுகளில் பழஞ்சேலையை மடித்துத் தைத்துத்தான் போர்த்திக்கொள்வோம். பஞ்சு வைத்த போர்வை குற்றாலத்துக்குச் சீசனில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு. அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு வந்து ராத்திரி நடுங்குவார்கள். பங்களாக்காரர்கள் அவர்களுக்காகக் கடையில் போர்வை வாங்கிப் போடுவார்கள்.

தைக்கிற விதம் இதுதான். அடித்துணியைத் தரையில் விரித்து, பஞ்சைக் கோதிப் பரப்பி, மேல்துணி போட்டு, நாலு பக்கமும் நாலு பேர் உட்காருவோம். ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து வரிவரியாகத் தைத்துக்கொண்டே வர வேண்டும். ஒருத்தி முந்தினால் பஞ்சு அடுத்தவள் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஒருத்தி பிந்தினால் துணி இழுத்துச் சுருங்கும். முதலில் எல்லாம் நாலு பேரும் வாய்ப்பேச்சிலேயே ஒரு நடைக்கு வந்துவிடுவோம். மெதுவானவள் கொஞ்சம் எட்டிப்போடுவாள், வேகமானவள் கொஞ்சம் நின்று வருவாள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

கடைக் கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஆனி பிறப்பதற்குள் போர்வைகள் குற்றாலம் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கு முதலாளியின் நெருக்கடி. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலம்மாள் என்று ஒருத்தி, கும்மிப் பாட்டுக்குப் பேர் போனவள். அவளைக் கொண்டுவந்து கொட்டகை நடுவில் மணை போட்டு உட்காரவைத்தார். அவள் ஊசியைத் தொட வேண்டாம், பாடினால் போதும். நாங்கள் பாட்டுக்கு ஏற்பத் தைக்க வேண்டும். தாளம் விழுகிற இடத்தில் ஊசி இறங்க வேண்டும்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. நாங்களும் கூடப் பாடினோம். பிறகுதான் தெரிந்தது, பாட்டு நாளுக்கு நாள் ஓடுகிறது என்று. கணக்கப்பிள்ளை அளவுகோலால் தூணில் தட்டுவார், வேலம்மாள் அதற்கு ஈடாகப் பாட்டை ஓட்டுவாள். பாட்டு ஓடினால் கையும் ஓடும். ஓடுகிற கையில் தையல் நீளும். நீண்ட தையல் பஞ்சைப் பிடித்து நிறுத்தாது. அடுத்த சீசனுக்குள் பஞ்சு முழுவதும் கால்மாட்டில் போய் உருண்டு நிற்கும். அது தெரிந்துதான் செய்தார்கள். உருண்டால்தானே மறுபடியும் வாங்குவார்கள்.

எனக்கு அதைவிடக் குமட்டலாக இருந்தது வேறு ஒன்று. வீட்டுக்கு வந்து அம்மியில் அரைக்கும்போதும் என் கை அந்தப் பாட்டுக்கே ஓடியது. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும்போதும் அதே தாளம்தான். யாரோ ஒருத்தருடைய கையை என் தோளில் ஒட்டவைத்து அனுப்பியதுபோல இருந்தது. என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது.

உலகு மட்டும் ஓடவில்லை. ஓடிப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை. அவள் இருந்த பக்கம் எப்போதும் பிந்தியது, துணி சுருங்கியது. கூட இருந்த மூன்று பேரும் திட்டினார்கள். "என்னைத் தனியா விட்டுருங்க, தொட்டில் போர்வை தைக்கேன்" என்று அவளே கேட்டு மூலைக்குப் போனாள். சின்னப் போர்வைக்கு ஓர் ஆள் போதும். அங்கே போன பிறகும் பாட்டு விடவில்லை. ஒரே கொட்டகைதானே.

ஒருநாள் கணக்கப்பிள்ளை அவளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார், தூணில் தட்டினார். அவள் குனிந்தபடி தைத்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்துபோய் முன்னால் நின்று கத்தினார். உலகு நிமிர்ந்து பார்த்து, "பஞ்சு தீந்துபோச்சு" என்றாள். கொட்டகையே சிரித்தது. "செவிடாயிட்டியாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். உலகு அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தைத்தாள். அன்றோடு அவளுக்கு அந்தப் பேர் ஆயிற்று.

சாயங்காலம் சிற்றாற்றில் கால் கழுவும்போது அவள் காதிலிருந்து பஞ்சை உருவி எடுத்து ஆற்றில் விடுவதை நான் பார்த்துவிட்டேன். கொட்டகையில் எல்லோர் தலையிலும் காதிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏட்டி, ஒனக்குக் காது கேக்குமா?" என்று கேட்டேன்.

"கேக்காம என்ன? பாட்டுக்குத்தான் வச்சிருக்கேன். பாட்டு கொஞ்சம் அமுங்குது. ஏச்சு அமுங்க மாட்டங்கு."

"அப்போ செவிடுன்னு சொல்லுதாளுவளே, அதுக்கு ஒண்ணும் சொல்லாம இருக்கியே?"

"பாட்டு பிடிக்கலன்னு சொன்னா விடுவானுவளா? செவிடுன்னா விட்டுருதானுவ. இருந்துட்டுப் போட்டும்."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் சொன்னது லேசான காரியம் இல்லை. செவிடு என்றான பிறகு அவள் முன்னால் எதையும் பேசலாம் என்றாகிவிட்டது. அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். தையலில் இருக்கிற மந்தம் மற்றதிலும் இருந்திருக்கும், அதனால்தான் ஓடிவிட்டான் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேட்காதவளுக்கு முன்னால் எதற்கு வாயைப் பொத்தினார்களோ. உலகு அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் கோத்தாள். அந்தப் பெண்களில் பாதிப் பேரை அவள் செத்த வீட்டில் பார்த்தேன். அவர்கள்தான் பொறுமைசாலி என்று புகழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

அவள் அந்தக் கடையை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பஞ்சு கட்டுப்படியாகவில்லையோ என்னவோ, கணக்கப்பிள்ளை குற்றாலத்துப் பங்களாக்களிலிருந்து பழைய மெத்தைகளை வாங்கி வந்தார். உடம்பு தேற வந்து நாள்கணக்கில் படுத்துக் கிடப்பவர்கள் அங்கே உண்டு. அவர்கள் படுத்த மெத்தைகள். அவற்றைக் கிழித்து, உள்ளே இருந்த பஞ்சை வெயிலில் போட்டு அடித்து, புதுப் பஞ்சோடு கலந்து எங்கள் முன்னால் கொட்டினார்கள். ஒரு புளித்த வாடை இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை ஓடும்போது மூக்கு வேலை செய்யாது. அள்ளிப் பரப்பி, மேல்துணியைப் போட்டு மூடிவிட்டோம். பாட்டு எவ்வளவு உபகாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உலகு பஞ்சை ஒவ்வொரு பிடியாக எடுத்து, விரலால் பிரித்துப் பார்த்துப் பரப்புகிறவள். அவள் பிரித்த பிடியில் ஒரு கட்டி வந்தது. சளி உறைந்து, மஞ்சளாகி, பஞ்சோடு சேர்ந்து பலகை மாதிரி இறுகிப்போன கட்டி. நடுவில் கறுப்பாக, காய்ந்த ரத்தம். அவள் தைத்துக்கொண்டிருந்தது தொட்டில் போர்வை.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கணக்கப்பிள்ளையிடம் போனாள். அவருடைய மேஜையில், வெற்றிலைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். "இத உங்க பிள்ளைக்குப் போத்துவீயளா?" என்று கேட்டாள். பாட்டு நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, வெந்நீரில் போட்டால் போய்விடும் என்றார். அப்புறம், இத்தனை பேரும் வாயைத் திறக்காமல் தைக்கும்போது செவிட்டுக்கு மட்டும் என்ன கிராக்கி என்றார். உலகு கொட்டகைக்கு வெளியே வந்து கையைக் கழுவினாள். சாம்பலைத் தேய்த்து ரொம்ப நேரம் கழுவினாள். நான் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படியே போய்விட்டாள். உள்ளே வேலம்மாள் மறுபடி பாட ஆரம்பித்திருந்தாள். அந்தத் தொட்டில் போர்வையை வேறு ஒருத்தி தைத்து முடித்தாள்.

நான் அந்தக் கடையை விட்டது விரலால். பாட்டு ஓடிய ஓட்டத்தில் ஊசி நகத்துக்குள் இறங்கிவிட்டது. நகச்சுற்று வந்து விரல் வீங்கி, தூக்கமில்லாமல் கிடந்தேன். கணக்கப்பிள்ளை, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிக்கொண்டு மற்ற விரலால் தைக்கச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடச் சொல்கிறவரின் முகம் அது. அந்த எலுமிச்சம்பழத்தோடேயே எழுந்து மேலகரத்துக்குப் போனேன்.

உலகு அப்போது வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். பங்களாக்காரர்களில் இரண்டு மூன்று பேர் அவளிடம் நேராக வாங்கினார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. "வந்துட்டியா. அந்த மூலைல ஒக்காரு. என் துணியத் தொடாத" என்றாள். விரல் ஆறியதும் அவள் போர்வையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தைக்கலாம் என்று போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "ஒன் கை வேற, என் கை வேற. சேந்து தைச்சா ரெண்டு பேரும் பொய் சொல்லணும்." அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கிற ஆள் அவள் இல்லை. அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை போதாது என்றுதான் முன்பே சொன்னேனே.

எனக்கு ரோஷம் வந்தது. தனியாக ஒரு துணி விரித்து, அவளைப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். அவள் ஊசி போட்டால் நான் ஊசி போட்டேன். அவள் நிறுத்தினால் நிறுத்தினேன். அவள் நூலை முழங்கை நீளத்துக்கு வெட்டுவாள், நானும் அப்படியே வெட்டினேன். மெதுவாகத் தைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கழுத்து வலித்தது. ஓடிய நாளில்கூட அப்படி வலித்ததில்லை. தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, தவளை தத்திப் போனமாதிரி இருந்தது.

அவள் வந்து என் வரியை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் சுளித்தது, நாற்றம் அடித்தமாதிரி.

"இது யாரு கை?"

"ஏன், என் கைதான்."

"பொய் சொல்லாத. வேலம்மாள விட்டுட்டு என்னயப் பிடிச்சுக்கிட்டே. ரெண்டும் ஒண்ணுதான்ட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பல நாள் அவளோடு பேசவில்லை. அவளைப் பார்க்கவே கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்தேன். மனதுக்குள் அவளை ஏசிக்கொண்டே தைத்தேன். முழங்கை நூல் சீக்கிரம் தீர்ந்து தீர்ந்து எரிச்சல் மூட்டியது. அந்த எரிச்சலில் ஒருநாள் நூலை என் இஷ்டத்துக்கு, கையை விரித்து நீளமாக வெட்டிக்கொண்டேன். அந்த நூல் தீர்கிற இடத்தில் எனக்கு மூச்சு வாங்க வேண்டும்போல இருந்தது. வாங்கிக்கொண்டேன். மறுபடி நூல் கோத்தேன். அது தீரும்போது மறுபடியும் தோள் ஓய்வு கேட்டது. அப்படியே போனது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அதற்குள் ஒரு பக்கம் முடிந்திருந்தது. தடவிப் பார்த்தேன், மேடு பள்ளம் இல்லை.

கஞ்சி வழிந்ததற்கு உலகு என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வந்தவள் துணியைப் பார்த்தாள். "நீ என்னய விட வேகமாத்தான் தைக்க. அது உனக்கு உள்ளது" என்றாள். பிறகு கஞ்சிக்காக மறுபடியும் திட்டினாள்.

சாரல் காலத்தில் பஞ்சு ஈரத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும், ஊசி இறங்காது. அப்போது என் நூலை இன்னும் குறைத்து வெட்டுவேன். பங்குனி வெயிலில் கை வேர்த்து ஊசி வழுக்கும். அப்போது விடிந்ததும் உட்கார்ந்து வெயில் ஏறுமுன் எழுந்துவிடுவேன். இதையெல்லாம் உலகு எனக்குச் சொல்லவில்லை. என் கை சொன்னது. கை சொல்வது கேட்கிற அளவுக்கு அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் பட்ட பாட்டையும் மறைக்கக் கூடாது. ஒரு சீசனில் மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மாள் காரில் வந்து இறங்கி, நாளைக் காலையில் போர்வை வேண்டும் என்றாள். அவள் பேச்சில் கேள்வியே இல்லை, உத்தரவுதான். உலகு நிமிராமல், "நாளைக்கு வேணும்னா கடைல இருக்கு, வாங்கிக்கிடுங்க" என்றாள். ஏதாவது பார்த்துச் செய்யக்கூடாதா என்று அந்த அம்மாள் கொஞ்சம் தணிந்து கேட்டாள். "கடைல உள்ளதுல என்னென்ன உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?" என்றாள் உலகு. கார் போய்விட்டது. அந்த அம்மாள் பங்களாக்காரரிடம் என்ன சொன்னாளோ, அவர் அதற்குப் பிறகு உலகுவிடம் வாங்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவள் வீட்டில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது. நான் என்னுடையதில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றுகொண்டே, "பசிக்கத்தான் செய்யுது. கை வலிக்கலல்லா" என்றாள். அவள் செய்தது சரி என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. இப்போதும் முழுக்க நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காரும் அந்த உத்தரவும் என் நினைவுக்கு வரும்போதெல்லாம் வாயில் கசப்பு ஊறுகிறது.

பிறகு யுத்தம் வந்து துணி கிடைக்காமல் போனது. மெத்தைக் கடையும் கொட்டகையைப் பூட்டிவிட்டது. உலகு பழஞ்சேலைகளை வாங்கி, துவைத்து, அடுக்கித் தைக்கத் தொடங்கினாள். கடைசியாகப் பாதியில் விட்டுப்போனதும் அப்படி ஒரு போர்வைதான். அது யாருக்கு என்று நான் கேட்டிருந்தேன். முடிந்த பிறகு சொல்கிறேன் என்றாள்.

இனி சண்முகத்தாய்க்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். சுடுகாட்டில் காடாற்று முடிந்த மறுநாள் அவள் போர்வையை என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"முடியாது மதினி" என்றேன். "அது அவ நடை. என் நடை அதுல சேராது. சேத்தா சுருங்கிப் போவும்."

"செத்தவளுக்கு என்ன நடை? வாங்குதவரு தடவிப் பாத்தா வாங்கப் போறாரு?"

"அவசரத்துக்குத் தைச்ச எதையும் அவ பேர்ல குடுக்காதீக. வெறும் பாய் ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும்."

"பாய் குடுத்தா ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும். இருக்கும்போது இந்த ஊர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவள் அவள். எனக்கு அதற்குமேல் பேசப் பிடிக்கவில்லை. உள்ளே போய்விட்டேன். சண்முகத்தாய் போர்வையை எடுத்துக்கொண்டு மேலகரத்துக்குத் திரும்பினாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் உலகுவின் வீட்டிலேயே அதை விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தாள். கொட்டகையில் எங்களோடு இருந்தவர்களும் அதில் உண்டு. நான் உலகுவின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன். கொல்லையில் நிற்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெற்றிலை கேட்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒருத்தி வேலம்மாள் பாட்டைத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். துக்க வீட்டில், அவள் உட்கார்ந்த இடத்தில், அவள் துணியில். தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் போர்வை முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள் சண்முகத்தாய். எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

பதினாறாம் நாள் போனேன். குடை, செருப்பு, செம்பு எல்லாம் வரிசையாக வைத்து, நடுவில் அந்தப் போர்வையை விரித்திருந்தார்கள். நல்லா அமைந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கும்பிடுகிற சாக்கில் குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு பாதி தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது. சின்னச் சின்னத் தையல், ஒன்றை ஒன்று முட்டாமல். அப்படியே விரலைக் கொண்டுபோனேன். ஓர் இடத்தில் மட்டம் நின்றது. அதற்கப்பால் துணி சுருங்கி, சேலை மடிப்புகள் உள்ளே புரண்டு, தையல் நீண்டு நீண்டு தத்திப் போயிற்று. அவள் கை நின்ற இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டலாம். அது யாருக்காவது தெரிந்ததா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானம் வாங்கியவர் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் போக வேண்டும் என்று கிளம்பினார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவளுடைய ஊசிகளையும் கத்திரியையும் ஒரு துணியில் முடிந்து சண்முகத்தாய் வாசுதேவநல்லூருக்கு எடுத்துப் போகிறாள். நான் கேட்கவில்லை. அவள் ஊசி அவள் கைக்குத் தேய்ந்தது, எனக்கு அதனால் பிரயோசனம் இல்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறு. யாராவது வந்து என்றைக்கு முடியும் என்று கேட்டால், முடியும்போது சொல்லி அனுப்புகிறேன் என்று என்னால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. இதற்காகச் சிலர் என்னிடம் வராமல் போயிருக்கிறார்கள். போகட்டும். என் கை எது என்று எனக்குத் தெரியும். அவள் கை என்னிடம் ஒட்டவில்லை, ஒட்ட அவள் விடவும் இல்லை. அதற்காக நான் அவளைக் கும்பிடுகிறேன்.

பதினாறாம் நாள் நான் கிளம்பும்போது சண்முகத்தாய் வாசல்வரை வந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் ஏதோ பொறுக்கவில்லை போலிருக்கிறது. பதினாறு கழிந்தது, எண்ணெய் தேய்த்துக் குளி, இனி அழக்கூடாது என்று என் தோளைத் தட்டிச் சொன்னாள்.

எனக்கு இன்னும் அழுகையே வரவில்லை மதினி. இத்தனை நாளும் குமட்டிக்கொண்டுதான் வந்தது. அழுகை பின்னால்தான் வரும். ஆடியில் சாரல் விழும்போது வரலாம், தை அறுப்பு முடிந்து வரலாம். அது எப்போது வருகிறதோ அப்போதுதான் நான் அழுவேன்.